சமையல் படிப்பா, ஆலைப் படிப்பா?

கேள்வி:

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் சிறிய அளவில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். மூத்த மகள் இந்த ஆண்டு +2 முடித்திருக்கிறாள். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் பிரிவு. பொறியியல் கட்-ஆஃப் 174 வருகிறது. ஜே.இ.இ. எழுதவில்லை. "உணவுத் தொழில்நுட்பம்தான் படிப்பேன்" என்று பிடிவாதமாக நிற்கிறாள். அதற்குக் காரணம் எங்கள் கடைதான் என்று நினைக்கிறேன். விலை விழுந்த நாட்களில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் தக்காளியைப் பெட்டி பெட்டியாகக் கொட்டிவிட்டுப் போகிற விவசாயிகளைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள். "படித்துவிட்டு வந்து இங்கேயே சாஸ் கம்பெனி போடுவேன்" என்கிறாள்.

என் மைத்துனர் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் சேர்க்க வேண்டும் என்கிறார். "சமையல் படிக்க நாலு வருஷம் பி.டெக்.கா?" என்று கேலி வேறு. பிஸ்கட் கம்பெனியில் தலைக்குத் தொப்பி மாட்டிக்கொண்டு ராத்திரி ஷிஃப்ட் நிற்பதுதான் வேலை என்றும் சொல்கிறார்கள். பெண் பிள்ளைக்கு இது சரிப்படுமா? அரசு வேலைக்கு வழி உண்டா? பி.எஸ்சி. போதுமா, பி.டெக்.தான் வேண்டுமா? ஒரு தனியார் கல்லூரியில் இப்போதே முன்பணம் கட்டினால் இடம் உறுதி என்கிறார்கள். கட்டிவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்:

முன்பணத்தை இப்போது கட்டாதீர்கள். 174 என்பது கவுன்சலிங்கில் உட்கார்ந்து பேசக்கூடிய மதிப்பெண். கவுன்சலிங் முடியும்வரை எந்தக் கல்லூரியும் உங்களை அவசரப்படுத்த வேண்டியதில்லை. அவசரப்படுத்துகிறார்கள் என்றால் அவர்களுக்கு இடம் நிரம்பவில்லை என்று பொருள்.

அடுத்து உங்கள் மைத்துனரின் கேலி. இட்லி மாவையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் அரைக்கிற மாவு காலையில் பொங்கியிருந்தால் போதும். நாளை மறுநாள் புளித்துவிட்டால் ஊத்தப்பம். அதே மாவைப் பாக்கெட்டில் அடைத்துத் திண்டுக்கல்லில் இருந்து சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்றால் கதை மாறுகிறது. மாவைப் பொங்க வைக்கிற லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா அமிலத்தோடு கரியமில வாயுவையும் வெளிவிடும். பாக்கெட் பலூன் மாதிரி உப்பும், சில நேரம் வெடிக்கும். குளிரில் வைத்தால் அதன் வேகம் குறையும். எத்தனை டிகிரியில் எத்தனை நாள் தாங்கும்? பாக்கெட்டின் பிளாஸ்டிக் வாயுவை எவ்வளவு வெளியே விடும்? வண்டியின் குளிர்சாதனம் இரண்டு மணி நேரம் நின்றால் என்ன ஆகும்? ஒரு நாளைக்குப் பத்தாயிரம் பாக்கெட் போனால், பத்தாயிரமும் ஒரே புளிப்பாக இருப்பது எப்படி? இவற்றுக்குப் பதில் சொல்கிறவர்தான் உணவுத் தொழில்நுட்பர். நன்றாகச் சமைக்கத் தெரிந்தவருக்கு இதில் ஒரு கேள்விக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தோசை சுடவே வராத நல்ல தொழில்நுட்பர்களை எனக்குத் தெரியும்.

அதனால்தான் இந்தப் படிப்பில் கணக்கும் இயற்பியலும் இவ்வளவு வருகின்றன. முதல் ஆண்டு மற்ற பொறியியல் மாணவர்கள் படிக்கிற அதே பாடங்கள்தான். இரண்டாம் ஆண்டில் வெப்பம் எப்படிக் கடத்தப்படுகிறது, திரவம் குழாயில் எப்படி ஓடுகிறது என்பதோடு நுண்ணுயிரியலும் உயிர்வேதியியலும் சேரும். அதற்கப்புறம்தான் பால், தானியம், பழம், இறைச்சி, பேக்கிங், குளிரூட்டல், உணவுச் சட்டம் எல்லாம். உங்கள் மகள் +2வில் கணக்கை மனப்பாடம் செய்து கடந்தவளாக இருந்தால் இரண்டாம் ஆண்டு திணறுவாள். இதை இப்போதே அவளிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்.

இனி அந்தத் தக்காளி. அவள் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்ததற்கே அதுதான் காரணம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தக்காளியில் தண்ணீர் போக மிச்சம் கரைந்திருக்கும் பொருள் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்குதான். ஆலைகள் விற்கிற கெட்டியான தக்காளி விழுதில் அது 28 முதல் 30 வரை இருக்கும். அதாவது 1 கிலோ விழுதுக்கு 6, 7 கிலோ தக்காளி வேண்டும். மிச்சம் தண்ணீராக ஆவியாகிப் போகிறது. அந்தத் தண்ணீரை வெறும் அடுப்பில் கொதிக்கவைத்து வற்ற வைத்தால் விழுது கறுத்துவிடும். நிறம் கெடாமல் வற்ற வைக்க, அழுத்தத்தைக் குறைத்துக் குறைந்த சூட்டிலேயே கொதிக்க விடுகிற வெற்றிட ஆவியாக்கி வேண்டும். விலை உயர்ந்த இயந்திரம் அது. விலை விழுகிற அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் அதை ஓட்டிவிட்டு மீதி மாதங்கள் பூட்டி வைத்தால் வங்கித் தவணை கட்ட முடியாது. போதாதற்கு, உங்கள் மார்க்கெட்டுக்கு வருவது குழம்புக்கு ஏற்ற, சாறு நிறைந்த ரகங்கள். விழுதுக்குத் தனியாகச் சதை கூடிய, சாறு குறைந்த ரகங்கள் இருக்கின்றன. நம் விவசாயி அதைப் போடுவதில்லை. சந்தையில் அதற்கு விலை கிடைக்காதே.

ஆக, கொட்டிப் போகிற தக்காளியை எல்லாம் சாஸாக மாற்றிவிடலாம் என்பது கேட்க நல்ல யோசனை, கணக்கில் உதைக்கும். உங்கள் ஊரில் மட்டும் இல்லை, இந்தக் கனவோடு தொடங்கிய பல சிறு ஆலைகள் நின்றுபோனதற்குக் காரணம் இதுதான். கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலைகள் நிலைத்திருக்கின்றனவே என்று கேட்கலாம். அங்கே கூழுக்கே ஏற்ற பெங்களூரா ரகம் மாவட்டம் முழுக்க இருக்கிறது. ஆலையை நம்பியே தோப்பு போடுகிறார்கள். கூழ் வெளிநாட்டுக்கும் போகிறது. ஆலைக்கென்று விளைந்த பழம் அது. சந்தையில் மிஞ்சியதை அள்ளிப்போட்டு ஆலை நடத்துவது வேறு வியாபாரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. தக்காளியின் புளிப்பு அளவு பி.எச். 4.3, 4.5 என்று இருக்கும். 4.6 என்பதுதான் எங்கள் தொழிலின் எல்லைக்கோடு. அதற்குக் கீழே, அதாவது போதுமான புளிப்பு இருந்தால், பாட்டிலில் அடைத்த பொருளைக் கொதிநீர்ச் சூட்டில் பதப்படுத்தினாலே போதும். அந்தக் கோட்டுக்கு மேலே போனால் காற்றுப் புகாத பாட்டிலுக்குள் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி வளரலாம். அதன் வித்துகள் கொதிநீரில் சாகாது. அது கக்கும் விஷம் மிகக் கொஞ்சமே உள்ளே போனாலும் ஆளைக் கொல்லும். அவற்றை அழிக்க அழுத்தத்தோடு 121 டிகிரிக்குச் சூடாக்கும் ரிட்டார்ட் என்ற கலன் வேண்டும். உங்கள் மார்க்கெட்டுக்கு மூட்டை மூட்டையாக வருகிற முருங்கைக்காய் இந்த இரண்டாவது வகை. தக்காளி சாஸ் செய்த அதே அண்டாவில் முருங்கைக்காயையும் வேகவைத்து டப்பாவில் அடைத்து விற்கலாம் என்று யாராவது நினைத்தால் அது கொலைக்குச் சமம். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அப்படித்தான். வேறு எந்தத் துறையிலும் ஒரு தசமப் புள்ளிக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

மகளின் ஆசையை உடைக்க இதையெல்லாம் சொல்லவில்லை. இந்தத் துறை நம் ஊரில் வேர் பிடித்ததே அவள் பார்த்ததைப் போன்ற ஒரு வீணடிப்பில் இருந்துதான். காவிரிப் படுகையில் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் களத்தில் கிடக்கும் ஈர நெல் முளைத்தும் பூஞ்சை பிடித்தும் போகும். அந்த நெல்லைக் காப்பாற்ற வழி தேடித்தான் 1960களின் பிற்பகுதியில் திருவாரூரில் நெல் பதனிடும் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. அதைத் தொடங்கியவர் வி. சுப்பிரமணியன். மைசூரில் 1950இல் திறக்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநர் அவர்தான். அவர் காலத்தில்தான் அங்கே எருமைப் பாலில் இருந்து குழந்தை உணவு செய்கிற முறை உருவானது. ஓய்வு பெற்ற பிறகு பெரிய நகரத்தில் உட்காராமல் திருவாரூருக்கு வந்தவர். அந்த மையம் பிறகு தஞ்சாவூருக்கு மாறி, பலமுறை பெயர் மாறி, 2021இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாகி, இன்று நிஃப்டெம் தஞ்சாவூர் என்று வழங்குகிறது. புழுங்கலரிசி சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் மைசூர்க்காரர்களுக்கும் கடன்பட்டவர்கள். முன்பு நெல்லைப் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போடுவார்கள். ஊறல் நாற்றம் சோற்றிலும் வரும். 65, 70 டிகிரி சுடுநீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்தால் போதும் என்று செய்துகாட்டியது மைசூர் நிறுவனம். நாற்றமும் போனது, நாட்களும் மிச்சம்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். தலைத்தொப்பியும் ராத்திரி ஷிஃப்ட்டும் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. படித்து முடித்ததும் பெரும்பாலோர் போவது உற்பத்திப் பிரிவுக்கோ தரக்கட்டுப்பாட்டுக்கோதான். பால் பண்ணை ஆலை என்றால் பால் வருகிற நேரம்தான் உங்கள் நேரம். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. ஈரத் தரை, நீராவி, குளிர் அறை, சில இடங்களில் மீன் வாடை. சம்பளம், நான் பார்த்த வரையில், சிறு, நடுத்தர நிறுவனங்களில் மாதம் 15,000இல் இருந்து 25,000 வரை தொடங்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து நல்ல நிறுவனத்தில் இடம் பிடித்தவரின் முதல் சம்பளத்தோடு இதை ஒப்பிட்டால் உங்கள் மைத்துனர்தான் ஜெயிப்பார். எல்லோருக்கும் அந்த நல்ல நிறுவனத்தில் இடம் கிடைப்பதில்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

ஆனால் முதல் மூன்று ஆண்டு ஆலைத் தரை அனுபவம் இல்லாமல் இந்தத் துறையில் யாரும் மேலே போனதில்லை. ஏ.சி. அறையில் உட்கார்ந்து புதுப் பொருள் உருவாக்கும் ஆராய்ச்சிப் பிரிவுக்கு நேராகப் போக வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளும் ஆசைப்படுகிறார்கள். பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் பாஸ்ட்ரைசர் ஏன் ஓட்டத்தின் நடுவே அதைத் திருப்பி அனுப்பியது என்று கண்ணால் பார்க்காதவர் உருவாக்கும் பொருள், ஆய்வகத்தில் ருசிக்கும், ஆலையில் ஓடாது. பாலை 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்க வேண்டும் என்று புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிடும். அந்த 15 விநாடி குழாயின் நீளத்தில் இருக்கிறது, பம்ப்பின் வேகத்தில் இருக்கிறது, தகட்டில் படிந்த பாலாடையில் இருக்கிறது. இது நின்று பார்த்தால்தான் புரியும்.

பெண் பிள்ளைக்குச் சரிப்படுமா என்று கேட்டீர்கள். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளில் நான் பார்த்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் பெண்கள்தான். தொழிற்சாலைகளில் பெண்கள் இரவு வேலை செய்யக் கூடாது என்று பழைய சட்டத்தில் இருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் நிபந்தனைகளோடு நீக்கிவிட்டது. போக்குவரத்தும் பாதுகாப்பும் முதலாளியின் பொறுப்பு. நடைமுறையில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வேலையில் சேரும்போது வண்டி உண்டா, இரவில் அந்தப் பிரிவில் எத்தனை பெண்கள் இருப்பார்கள் என்ற இரண்டையும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். தயங்கிப் பதில் சொல்கிற இடத்தில் சேர வேண்டாம். நான் கண்ட உண்மையான சிக்கல் வேறு: ஆலைகள் ஊருக்கு வெளியே இருப்பதால், கல்யாணத்துக்குப் பிறகு கணவருக்கு வேலை இருக்கும் ஊரில் ஆலை இல்லாமல் வேலையை விட்ட நல்ல பெண்கள் நிறையப் பேர். அது படிப்பின் குற்றம் இல்லை. ஆனாலும் வீட்டில் இப்போதே பேசிவைக்க வேண்டிய விஷயம்.

மூன்று நான்கு ஆண்டுக்குப் பிறகுதான் பாதைகள் பிரிகின்றன. அங்கே இந்தப் படிப்பு பலர் நினைப்பதைவிட அகலமானது. தரக்காப்பு, சட்ட ஒழுங்குமுறைப் பிரிவு, வாசனைப் பொருள்களும் சேர்மானங்களும் விற்கும் நிறுவனங்களில் தொழில்நுட்ப விற்பனை, பேக்கிங் நிறுவனங்கள், கோவைப் பக்கம் உணவு இயந்திரம் செய்கிற தொழிற்கூடங்கள், வெளியில் இருந்து வந்து ஆலையைத் தணிக்கை செய்யும் சான்றிதழ் நிறுவனங்கள். இவற்றில் எது உங்கள் மகளுக்குப் பொருந்தும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. என் கண்ணுக்கு இப்போது மதிப்புக் கூடிவருவது ஏற்றுமதித் தரம் தெரிந்தவர்களுக்குத்தான். 2020இல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்ற வேதிப்பொருளின் எச்சம் இருக்கிறதென்று ஐரோப்பிய நாடுகள் திருப்பி அனுப்பின. 2024இல் அதே காரணத்துக்காக ஹாங்காங் சில இந்திய மசாலாக்களை விற்கக் கூடாது என்று நிறுத்தியது. மிளகாயில் அஃப்ளாடாக்சின் பி1 என்ற பூஞ்சை நஞ்சு கிலோவுக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பாவுக்குள் போகாது. ஒரு கன்டெய்னர் திரும்பி வந்தால் முதலாளிக்கு ஆகும் நட்டத்தில் ஒரு நல்ல தரப்பொறியாளருக்குப் பல ஆண்டு சம்பளம் கொடுக்கலாம். இதை மசாலாக்காரர்களும் முருங்கை இலைப்பொடி ஏற்றுமதி செய்கிறவர்களும் இப்போது தெரிந்துகொண்டு வருகிறார்கள்.

சட்டமும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டத்தின் கீழ் உரிமம் பெறுகிற உற்பத்தி ஆலை, உற்பத்தியை மேற்பார்க்கத் தகுதியுள்ள ஒருவரையாவது வேலைக்கு வைக்க வேண்டும். வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற அறிவியல் பட்டமோ உணவுத் தொழில்நுட்பத்தில் பட்டமோ பட்டயமோ அதற்குத் தகுதி. காகிதத்தில் ஒரு பெயரைக் காட்டிவிட்டு ஆளே வைக்காத ஆலைகளும் உண்டு. படித்து முடித்த பிள்ளைகளிடம் சான்றிதழை மட்டும் வாடகைக்குக் கேட்பார்கள். மாதம் ஒரு சிறு தொகை தருவதாகச் சொல்வார்கள். உங்கள் மகள் ஒருநாளும் அதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. அந்த ஆலையின் பொருளைச் சாப்பிட்டு யாருக்காவது ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியது காகிதத்தில் இருக்கும் பெயர்தான்.

அரசு வேலை உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பி இந்தப் படிப்பில் சேர்க்காதீர்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு உணவுத் தொழில்நுட்பப் பட்டம் நேரடித் தகுதி. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. அறிவிப்பு ஆண்டுதோறும் வராது. பால்வளம், வேளாண்மை, கால்நடை, உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் பட்டதாரிகளும் மருத்துவர்களும்கூட அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதால் போட்டி கடுமை. இந்திய உணவுக் கழகத்தின் தொழில்நுட்பப் பணிகள் இன்னொரு வழி. கிண்டி கிங் நிலையம் போன்ற அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்களில் பகுப்பாய்வாளர் ஆக வேண்டும் என்றால் முதுகலைப் படிப்பும், உணவுப் பகுப்பாய்வில் மூன்று ஆண்டு அனுபவமும், அதன் பிறகு ஒரு தகுதித் தேர்வும் வேண்டும். நீண்ட வழி; பொறுமைசாலிகளுக்கு ஏற்றது.

பி.எஸ்சி.யா பி.டெக்.கா என்ற கேள்விக்கு அவளுடைய நோக்கத்தைப் பொறுத்துத்தான் பதில். ஆய்வகத்தில் சோதனை செய்வதும், ஊட்டச்சத்து பக்கம் போவதும், பிறகு எம்.எஸ்சி. படிப்பதும் ஆசை என்றால் பி.எஸ்சி. தாராளமாகப் போதும், செலவும் ஓராண்டும் மிச்சம். மைசூர் நிறுவனத்தின் எம்.எஸ்சி. உணவுத் தொழில்நுட்பத்துக்கு இந்தத் தொழிலில் நல்ல மதிப்பு. ஆனால் ஆலை அமைக்க வேண்டும், இயந்திரம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உங்கள் மகள் சொல்வதுபோல் இருந்தால் பி.டெக்.தான். ஆவியாக்கி வாங்கப் போகும்போது அதன் கொள்ளளவை விற்பனைக்காரர் சொல்லிக் கேட்பதற்கும் தானே கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கும் பல லட்சம் வித்தியாசம் வரும். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: கேட்டரிங், ஓட்டல் மேலாண்மை, உணவியல் எல்லாம் நல்ல படிப்புகள்தான், ஆனால் இது அவை இல்லை. விளம்பரங்களில் எல்லாவற்றையும் 'ஃபுட்' என்ற சொல்லுக்குள் அடைத்துவிடுகிறார்கள்.

எங்கே சேர்ப்பது? ஜே.இ.இ. எழுதாததால் நிஃப்டெம் தஞ்சாவூர் இந்த ஆண்டு கிடையாது, அங்கே பி.டெக். சேர்க்கை ஜே.இ.இ. மெயின் வழியாகத்தான். மிச்சம் இருப்பவற்றில் என் வரிசை இது: கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொறியியல் கல்லூரி, சென்னைக்கு வெளியே கொடுவள்ளியில் கால்நடைப் பல்கலைக்கழகம் நடத்தும் உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி. மூன்றிலும் +2 மதிப்பெண்தான் அடிப்படை, இடங்கள் குறைவு. கொடுவள்ளியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பால் தொழிலில் போக நினைக்கிறவர்களுக்கு நான் அதையே முதலில் சொல்வேன். மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு பொறியியலுக்கும் உண்டு, வேளாண்மைக்கும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அவளுக்குப் பொருந்தும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழைத் தாலுகா அலுவலகத்தில் இப்போதே வாங்கி வையுங்கள். கவுன்சலிங் நேரத்தில் அங்கே கூட்டம் அதிகம்.

அரசுக் கல்லூரியில் கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரி. அதில் தவறில்லை, நன்றாக நடக்கும் கல்லூரிகள் கொங்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் கட்டடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். மகளையும் கூட்டிக்கொண்டு நேரில் போய், மாதிரி ஆலையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பொடி செய்யும் ஸ்ப்ரே டிரையர், ரிட்டார்ட், பாஸ்ட்ரைசர் மூன்றும் இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. "இது கடைசியாக என்றைக்கு ஓடியது? பதிவேட்டைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். மார்க்கெட்டில் பெட்டியின் மேல் தட்டைத் தள்ளிவிட்டு அடித்தட்டைப் பார்க்கிறவர் நீங்கள். அந்தக் கண்ணோடு பாருங்கள். பாடம் நடத்துகிறவர்கள் எல்லாம் உயிரித் தொழில்நுட்பம் படித்தவர்களா, உணவு ஆலையில் வேலை பார்த்த ஒருவராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பயிற்சிக்கு எந்த ஆலைக்குப் போனார்கள், எத்தனை வாரம் என்று மாணவர்களிடமே தனியாகக் கேளுங்கள். 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்கிற பதாகையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதில் எத்தனை பேர் பி.பி.ஓ.வுக்குப் போனார்கள் என்று கேட்டால் அவர்களே பேச்சை மாற்றுவார்கள்.

படிக்கும்போதே செய்ய வேண்டியவை சில உண்டு. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஓர் ஆலையில் சம்பளம் இல்லாமலாவது நிற்க வேண்டும். ஈரோட்டு மசாலா, நாமக்கல் முட்டை, சேலம் ஜவ்வரிசி, தூத்துக்குடி மீன் என்று அவளைச் சுற்றி எல்லாமே பஸ் தூரத்தில் இருக்கின்றன. ஹசாப் என்ற ஆபத்துப் பகுப்பாய்வு முறையைத் தேர்வுக்காக மட்டும் படிக்காமல் ஓர் உண்மையான ஆலைக்கு எழுதிப் பார்க்க வேண்டும். 1960களில் விண்வெளி வீரர்களுக்கு அனுப்பும் உணவில் ஒரு கிருமியும் இருக்கக் கூடாது என்பதற்காக அமெரிக்காவில் பிறந்த முறை அது. இன்று ஊறுகாய் ஆலைக்கும் அதுதான் அளவுகோல். மேலே படிக்க நினைத்தால் கேட் தேர்வில் பொறியியல் அறிவியல் தாளுக்குள் உணவுத் தொழில்நுட்பம் ஒரு பகுதியாக இருக்கிறது. நான்காம் ஆண்டில் தயாரித்தால் போதும்.

சாஸ் கம்பெனியை அவள் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, தள்ளிப்போடச் சொல்கிறேன். படிப்பு முடிந்ததும் ஐந்தாண்டு வேறொருவர் பணத்தில் ஓடும் ஆலையில் கற்றுக்கொள்ளட்டும். பிறகு திரும்பி வரும்போது, ஆண்டு முழுக்க ஓடக்கூடிய பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் அது முருங்கை இலையாக இருக்கலாம், உலர்த்திய காய்கறியாக இருக்கலாம். தக்காளியை விலை விழும் வாரங்களில் மட்டும் அதே உலர்த்தியில் சேர்த்துக்கொள்ளலாம். உலர்த்தி, ஆவியாக்கியைவிட மலிவு. பழுதானால் உள்ளூரிலேயே சரிசெய்யலாம். சிறு உணவு நிறுவனங்களுக்கு 2020இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் என்று வங்கிக் கடனோடு இணைத்து மானியம் தருகிற வகையில் அமைந்தது. அவள் தொழில் தொடங்கும் நேரத்தில் எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறதோ அதை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துக்கொள்ளலாம். ஆனால் மானியத்துக்காக இயந்திரம் வாங்குகிறவர்கள்தான் முதலில் கடையைப் பூட்டுகிறார்கள்.

என் முடிவு இது: கணக்கு வரும், நின்று வேலை செய்யத் தயங்கமாட்டாள் என்றால் சேர்த்துவிடுங்கள். இந்த இரண்டில் ஒன்று இல்லை என்றால் உங்கள் மைத்துனர் பேச்சைக் கேட்கலாம். அவளுக்கே தெளிவில்லை என்றால், பக்கத்தில் உள்ள ஏதாவதொரு பால் ஆலைக்கோ மாவு ஆலைக்கோ அனுமதி வாங்கி ஒரு முழு ஷிஃப்ட் நிற்க வையுங்கள். மாலையில் வீட்டுக்கு வந்து அவள் கேட்கிற கேள்விகளில் இருந்தே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்குப் பொறியியல் கவுன்சலிங், வேளாண் பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம், கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு தனி விண்ணப்பம். ஒன்றில் போட்டால் மற்றதிலும் சேர்ந்துவிடும் என்று நினைத்துப் பலர் கோட்டை விடுகிறார்கள். மூன்றுக்கும் கடைசித் தேதி வெவ்வேறு; மூன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள்.